பார் கேனா, எல்இடி பாரா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கச்சேரிக்கு விளக்குப் போடப் போனால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். பார் (PAR) கேன் என்பது உருளைக் கூட்டுக்குள் இழை பல்பு வைத்த பழைய மேடை விளக்கு; எல்இடி பார் அதற்கு மாற்றாக எல்இடி வைத்து வருவது.

மின்சாரக் கணக்கில் போட்டியே இல்லை. பார் 64 கேன் ஒன்று 1000 வாட் இழுக்கும். நம் ஊர் 13 ஆம்பியர் பிளக் மூன்றுக்கு மேல் தாங்காது, ஒளியைக் கூட்டிக் குறைக்க டிம்மர் வேறு வேண்டும். எல்இடி பார் பெரும்பாலும் 200 வாட்டுக்குள் முடிந்துவிடும். நிறம் மாற்ற ஜெல் என்னும் வண்ணத் தாள் வெட்ட வேண்டாம், விளக்குக்குக் கட்டளை அனுப்பும் டிஎம்எக்ஸ் இணைப்பு போதும்.

முகத்துக்கு என்றால் என் மனம் கேன் பக்கம்தான். அதன் 3200 கெல்வின் இளமஞ்சள் வெளிச்சத்தில் அரக்குப் பட்டு அரக்காகவே இருக்கும், சரிகை மின்னும், பாடுபவரின் மாநிறத்துக்கு உயிர் வரும். சிவப்பு, பச்சை, நீலம் மட்டும் உள்ள மலிவு எல்இடியில் வெள்ளை கலந்தால் அதே முகம் சாம்பல் பூத்துவிடும். ஆம்பர் எனும் செம்மஞ்சள் எல்இடியும் வெள்ளை எல்இடியும் சேர்ந்த வகை எவ்வளவோ தேவலை. ஆலாபனை முடிவில் ஒளியை இறக்கும்போது கேனின் இழை செம்மஞ்சளாகி மெல்ல அடங்கும். மலிவு எல்இடி கடைசியில் துள்ளித் துள்ளி அணையும், கண்ணை உறுத்தும்.

வெக்கைதான் கேனின் பெரிய குறை. நேர் கீழே மிருதங்கத்தை வைத்தால் தோல் இறுகிச் சுருதி ஏறிவிடும்.

நான் முன்னால் நான்கு கேனை இரண்டு பிளக்கில் பிரித்துப் போடுவேன். பின்னால் முழுக்க எல்இடி.