ப்ளூம்பெர்க் டெர்மினலில் நிதிப் பகுப்பாய்வு: இரண்டு ஆண்டு எம்.பி.ஏ. ஆய்வக அனுபவம்

சென்னையில் எம்.பி.ஏ. நிதிப் பிரிவில் படித்த இரண்டு ஆண்டும் கல்லூரி ஆய்வகத்தில் இருந்த ப்ளூம்பெர்க் டெர்மினலைத் தொடர்ந்து பயன்படுத்தினேன். சந்தை விலைகளையும் கம்பெனிக் கணக்குகளையும் ஒரே திரையில் தருகிற சந்தா சேவை இது. இப்போது பங்கு ஆய்வு வேலையிலும் அதே டெர்மினல்தான். "இதில் உட்கார்ந்தால் அனாலிசிஸ் வருமா, இல்லை பயோடேட்டாவில் போட்டுக்கொள்ளத்தானா?" என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். நிச்சயம் வரும். ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்க்கிற பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியது இந்த டெர்மினல்தான்.

முதல் சில வாரங்கள் திரையைப் பழகவே போய்விடும். கறுப்புத் திரை, ஆரஞ்சு எழுத்து, தனி கீபோர்டு. பங்கா, கடன் பத்திரமா, நாணயமா என்று சொல்ல மஞ்சள் பட்டன்கள்; கட்டளையை ஓட்டப் பச்சை நிற 'கோ' பட்டன். டிக்கர் (பங்கின் சுருக்கப் பெயர்), நாடு, மஞ்சள் பட்டன், கட்டளை என்ற வரிசை கைக்குப் பழகிவிட்டால் மவுஸைத் தொடவே தோன்றாது. கூடவே 'ப்ளூம்பெர்க் மார்க்கெட் கான்செப்ட்ஸ்' என்ற பாடத்தையும் முடித்துவிடுங்கள். சில மணி நேரம்தான், சான்றிதழும் உண்டு. சந்தைகள் எப்படி இயங்குகின்றன என்பது அதில் புரியும். ஆனால் ஒரு கம்பெனியை அலச அது மட்டும் போதாது.

அதற்கு 'எஃப்ஏ' என்று அடிக்க வேண்டும். கம்பெனியின் நிதி அறிக்கைகள் ஆண்டுவாரியாக விரியும். நான் முதலில் எடுத்தது அசோக் லேலண்ட். லாரி, பஸ் தயாரிக்கிற கம்பெனி. ஒருங்கிணைந்த கணக்கைப் பார்த்தால் கடன் மலைபோலத் தெரியும். அதை மட்டும் வைத்து டெப்ட்-ஈக்விட்டி விகிதம் (சொந்த மூலதனத்தோடு ஒப்பிட்டால் கடன் எவ்வளவு) போட்டால், கம்பெனி கடனில் மூழ்கிக் கிடக்கிறது என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கில் ஹிந்துஜா லேலண்ட் ஃபைனான்ஸ் என்ற துணை நிறுவனமும் சேர்ந்திருக்கிறது. வாகனக் கடன் கொடுப்பது அதன் தொழில். கடன் வாங்கித்தான் கடன் கொடுக்க முடியும். தனிக் கணக்குக்கு மாறிப் பார்த்தால் கடன் வெகுவாகக் குறைந்துவிடும். அந்தப் பக்கத்தில் பல எண்களைக் கிளிக் செய்தால், அந்த எண் எடுக்கப்பட்ட ஆவணமே திறக்கும். ஆண்டறிக்கையின் குறிப்புகளைப் படிக்க நான் பழகியது அப்படித்தான். இந்த ஒரு வசதிக்காகவே டெர்மினலுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அடுத்தது பீட்டா. சந்தை ஏறி இறங்கும்போது ஒரு பங்கு எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் எண் அது. கட்டளை அடித்ததும் ஒரு வரைபடமும் இரண்டு எண்களும் வரும்: கச்சா பீட்டா, சரிசெய்த பீட்டா. கச்சா எண்ணை 0.67-ஆல் பெருக்கி 0.33-ஐக் கூட்டினால் சரிசெய்த எண். அதாவது கச்சா பீட்டா 0.70 என்றால் சரிசெய்தது சுமார் 0.80. காலப்போக்கில் பீட்டா 1-ஐ நோக்கி நகரும் என்ற அனுமானம்தான் இதன் அடிப்படை. வழக்கமான அமைப்பில் இரண்டு ஆண்டு வாராந்திர விலைகளை எடுத்துக்கொள்ளும். அதை ஐந்து ஆண்டு மாதாந்திரமாக மாற்றினால், ஒப்பிடும் சந்தைக் குறியீட்டை (நிஃப்டி போல) மாற்றினால், விடையும் மாறும். பீட்டா மாறினால் மூலதனத்துக்கான செலவு (முதலீட்டாளர்கள் எதிர்பார்க்கிற வருமான விகிதம்) மாறும், அதோடு நீங்கள் கணிக்கிற பங்கு மதிப்பும் மாறும். அதனால் பிராஜெக்டில் பீட்டா எழுதும்போது எந்தக் காலம், எந்தக் குறியீடு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வைவாவில் என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான்.

வாடகைக் கடைகளை நம்பியிருக்கிற சில்லறை வணிகக் கம்பெனிகளை எடுத்தால் இன்னொன்று கண்ணில் படும். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் குத்தகைக்கான கணக்கியல் விதி மாறியது. அதுவரை வாடகைச் செலவாக இருந்ததில் பெரும்பகுதி தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்தது. வியாபாரத்தில் ஒன்றுமே மாறாமல் எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம்) மட்டும் எகிறியிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளோடு அப்படியே ஒப்பிடக் கூடாது.

எங்காவது சிக்கினால் ஹெல்ப் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். மறுமுனையில் ஆள் இருப்பார். கேள்வியைத் துல்லியமாகக் கேட்டால் நல்ல பதில் கிடைக்கும். மாணவர்கள் தயங்காமல் பயன்படுத்த வேண்டிய வசதி இது.

சரி, போதாத இடங்களும் உண்டு. சிறிய கம்பெனிகளுக்கு ஆய்வாளர் கணிப்புகள் பெரும்பாலும் இருக்காது. பங்குச் சந்தைக்கு வராத இந்தியக் கம்பெனிகளின் கணக்கு வேண்டுமென்றால் சி.எம்.ஐ.இ. என்ற ஆய்வு நிறுவனத்தின் ப்ரோவெஸ் தரவுத்தளம்தான் எனக்குக் கைகொடுத்தது. எக்செலுக்குத் தரவை இறக்கிக்கொள்ள வரம்பு உண்டு. ஐந்நூறு கம்பெனிக்குப் பத்து ஆண்டுத் தினசரி விலையை ஒரே மூச்சில் இறக்கினால், அடுத்து உட்காருகிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது. எங்கள் ஆய்வகத்தில் பிராஜெக்ட் சமர்ப்பிக்கும் மாதம் முழுக்க இந்தச் சண்டைதான். தேவையானதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

ஒரு டெர்மினலுக்கு ஆண்டுச் சந்தா 20,000 டாலருக்கு மேல். படிப்பு முடிந்தால் கைக்கு எட்டாது. அதனால் முதல் கம்பெனியை மட்டும் டெர்மினல் இல்லாமல் செய்யுங்கள். ஆண்டறிக்கையை பி.எஸ்.இ. (மும்பை பங்குச் சந்தை) தளத்திலிருந்து இறக்கி, ஐந்து ஆண்டுக் கணக்கை எக்செலில் கையால் ஏற்றுங்கள். அப்புறம் 'எஃப்ஏ' பக்கத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எண்கள் பொருந்தாத வரிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, ஏன் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.