சிக்கிக்கொண்ட ஸ்டெப்னி: எண்ணெயா, ஜாக்கியா, ரம்பமா?

மிச்சிகனில் பனிக்காலம் முழுக்கப் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகருக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. உப்புக்குப் பஞ்சமே இல்லாத ஊர். அந்த உப்புத் தண்ணீர் போய் உட்காரும் இடங்களில் ஒன்று பிக்கப்பின் பின்தொட்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி. ஏழெட்டு வருடம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டிவிட்டு, பஞ்சரான அன்றுதான் பம்பர் ஓட்டைக்குள் கம்பியைச் சொருகிச் சுற்றுவோம். சக்கரம் இறங்காது. நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எல்லாமே யாருக்கோ பலித்த வழிதான். ஆனால் எது எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்க்காமல் ஆயுதத்தை எடுத்தால் அரை நாள் போய்விடும்.

சக்கரத்தைத் தாங்குவது ஒரு சின்ன வின்ச், அதாவது கயிற்றைச் சுற்றி ஏற்றி இறக்கும் கருவி. அதிலிருந்து வரும் இரும்புக் கயிறு சக்கரத்தின் நடு ஓட்டை வழியாக இறங்கி, ஒரு தட்டைப் பிடித்திருக்கும். சில வண்டிகளில் கயிற்றுக்குப் பதில் சங்கிலி. கம்பி சுற்றவே மறுத்தால் கோளாறு வின்சுக்குள். கம்பி சுற்றுகிறது, கயிறும் தளர்கிறது, சக்கரம் மட்டும் மேலேயே நிற்கிறது என்றால் அது வேறு கதை. பல அமெரிக்க பிக்கப்புகளில் இரண்டாவதாக ஒரு பாதுகாப்புக் கொக்கி உண்டு. ஓடும்போது கயிறு அறுந்து, சக்கரம் பின்னால் வருகிறவர் மேல் போய் விழக்கூடாது என்று வைத்தது. அந்தக் கொக்கிதான் துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருக்கும்.

சுற்றாத வின்சுக்கு எண்ணெய்தான் முதல் மருந்து. துருவுக்குள் ஊறி இறங்கும் எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். பம்பர் ஓட்டைக்குள் அடித்துவிட்டு எழுந்துவிடக் கூடாது, வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து வின்ச் பெட்டியையே நனைக்க வேண்டும். ஓர் இரவு ஊறட்டும். காலையில் இறுக்கும் திசையில் கொஞ்சம், தளர்த்தும் திசையில் கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டிப் பாருங்கள். செலவு பத்துப் பதினைந்து டாலர். நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பவருக்கு மட்டும் இந்த யோசனையால் பயனில்லை.

பொறுமை இல்லாதவர்கள், தட்டித் தட்டிச் சுற்றும் இம்பாக்ட் ரெஞ்ச் என்ற கருவியை எடுப்பார்கள். இந்த வழிகளில் மோசமானது இதுதான் என்பேன். கையால் சுற்றுவதற்கென்று செய்த சின்னப் பல்சக்கரம் அந்த அடியைத் தாங்காது. பல் உடைந்தால் தண்டு மட்டும் ஜோராகச் சுற்றும், கயிறு அசையாது.

கொக்கி சிக்கியிருந்தால் ஜாக்கி முறைக்கு நிகரில்லை. கயிறு ஏறக்குறைய 15 செ.மீ. தளரும்வரை சுற்றிவிட்டு, ஜாக்கியைச் சக்கரத்தின் நட்டநடுவில், அந்தத் தட்டுக்கு நேர் கீழே வைத்து மெல்ல ஏற்றுங்கள். கீழே இறக்க வேண்டியதை மேலே தூக்குவது கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் சக்கரம் இதற்குமேல் ஏறாது என்று நிற்கிற இடத்தில்தான் கொக்கி விடுபடும். அப்புறம் ஜாக்கியை இறக்கினால் சக்கரமும் கூடவே வரும். என் வண்டியில் மூன்றாவது முறைதான் வந்தது, நடுவில் சுத்தியலால் நாலு தட்டும் தட்ட வேண்டியிருந்தது. இப்படி ஒருமுறை சிக்கிய வின்சைச் சரிபார்க்காமல் மறுபடி சக்கரத்தைத் தொங்கவிடக் கூடாது.

என் நண்பர் ஒருவர் இதே நிலையில் கயிற்றை அறுத்தார். ஒரு மணி நேரம் வேர்த்து விறுவிறுத்து அறுத்து முடித்தும் சக்கரம் அப்படியே தொங்கியது. தொங்காமல் என்ன செய்யும்? கயிறு அறுந்தாலும் விழக்கூடாது என்பதற்காகவே வைத்த கொக்கி ஆயிற்றே!

அறுப்பது தப்பில்லை. வின்ச் செத்துவிட்டது, கயிறு விறைப்பாகவே நிற்கிறது, எண்ணெயும் கேட்கவில்லை என்றால் அதுதான் வழி. எதை வைத்து அறுப்பது என்பதில்தான் எனக்குப் பிடிவாதம். போல்ட் கட்டர் முறுக்குக் கயிற்றை நசுக்கிப் பிரி பிரியாக்கும், அந்தச் சந்துக்குள் அதன் வாயும் நுழையாது. இரும்பு அறுக்கும் கிரைண்டர் சட்டென்று அறுக்கும், ஆனால் தீப்பொறி பறக்கும். பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், முந்தின இரவு நீங்களே அடித்த எண்ணெய். முன்னும் பின்னும் ஓடும் மின்ரம்பத்தில் இரும்பு அறுக்கும் பிளேடு போட்டுப் பக்கவாட்டில் நுழைப்பது எவ்வளவோ மேல். அது இல்லாவிட்டால் ஆக்ஸா பிளேடு, கூடவே நல்ல பாட்டு.

எந்த வழியானாலும் சக்கரத்துக்கு அடியில் ஜாக்கியோ கட்டையோ முட்டுக்கொடுத்திருக்க வேண்டும். பெரிய பிக்கப்பின் சக்கரம் முப்பது கிலோவுக்குக் குறையாது, அது விழும் இடத்தில் முகத்தை வைத்துக்கொண்டு படுக்காதீர்கள்.

கடையில் கொடுத்தால் அவர்களும் பெரும்பாலும் இதைத்தான் செய்வார்கள், கூலி தனி. வெளிக்கம்பெனி வின்ச் எனக்கு நூறு டாலருக்குள் கிடைத்தது. மாட்டும்போது கயிறு முழுக்கக் கிரீஸ் தடவினேன். அறுத்த நண்பர் வின்சே வேண்டாம் என்று ஸ்டெப்னியைத் தொட்டிக்குள் போட்டுச் சங்கிலியால் பூட்டிவிட்டார். துரு இல்லை, தொல்லை இல்லை என்கிறார். போன மாதம் சோபா ஏற்ற இடம் போதாமல் என் வண்டியைத்தான் கேட்டு வாங்கிப் போனார்.