டிராக் காரை முழுதாக விற்பதா, பிரித்து விற்பதா?

பல வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டிய டர்போ டிராக் காரில், அதாவது நேர்கோட்டில் குறுகிய தூரம் சீறும் டிராக் ரேஸ் (drag race) காரில், போட்ட காசு முழுசாகத் திரும்பாது. எந்த வழியில் விற்றாலும் அதுதான் நிலைமை.

பிரித்து விற்றால் மொத்தத் தொகை பெரும்பாலும் அதிகமாகவே வரும். எரிபொருள் இன்ஜெக்டர், இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), கியர்பாக்ஸ் எல்லாம் சீக்கிரம் போய்விடும். டர்போ வாங்க வருபவர் மட்டும் அதன் உள்ளே காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். சாதாரண புஷ் பேரிங் என்றால் பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் நகர்ந்தால் விலை அங்கேயே விழும். அப்புறம் கடைசியில் ரோல் கேஜ் (ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) வெல்டு செய்த வெறும் பாடி மிஞ்சும். அதைத் தள்ளிவிடுவதுதான் பெரும்பாடு.

முழுதாக விற்க ஆள் கிடைப்பது அரிது, பொறுமை வேண்டும். 402 மீட்டர் ஓடிய நேரச் சீட்டுகள், டைனோ தாள் (எஞ்சின் சக்தியை அளந்த அறிக்கை), டியூன் ஃபைல் (இசியு அமைப்புகள் உள்ள ஃபைல்), ரோல் கேஜ் சான்றிதழ் இவை கையில் இருந்தால் பேச்சு சுலபம். விளையாட்டுக்கு விலை கேட்பவர்களும் தானாக விலகிவிடுவார்கள்.

எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் நான் முழுதாகவே கொடுப்பேன். அந்த டியூன் அந்த எஞ்சினுக்காகவே போட்டது, பிரித்தால் அதற்கு மதிப்பே இல்லை. எஞ்சின் போயிருந்தால் சரி, பிரித்துவிடலாம்.