விரைவுச் செஸ்ஸில் நடுவில் நெட் போனால்: வேலூரிலிருந்து ஒரு நீண்ட நாள் அனுபவம்

லிச்செஸ், செஸ்.காம் என்ற இரண்டு ஆன்லைன் செஸ் தளங்களிலும் வருஷக்கணக்கில் வேலூரிலிருந்து ஆடிப் பார்த்ததில் உறுதியான கருத்து இது: நெட் போன பிறகும் கடிகாரம் ஓடுவது நியாயம். கடிகாரத்தில் நேரம் மிச்சமிருக்கும்போதே ஆட்டத்தைப் பறிப்பதில்தான் சிக்கல்.

கடிகாரத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால், ராஜா மாட்டிக்கொண்ட ஆள் வைஃபையை அணைத்துவிட்டு நிதானமாக யோசிப்பான். எஞ்சினிலும், அதாவது செஸ் ஆடும் கணினி நிரலிலும், போட்டுப் பார்ப்பான். வேண்டுமென்றே ஒயரைப் பிடுங்கினாரா, காட்பாடியில் கரண்ட் போனதா என்று சர்வருக்குத் தெரியாது. டேப்பை மூடினால் தொடர்பு முறைப்படி முடிந்த தகவல் உடனே போகும். கரண்ட் போனால் எந்தத் தகவலும் போகாது. பதில் வரவில்லை என்று சில நொடி கழித்துத்தான் சர்வர் உணரும்.

புல்லட்டில், அதாவது 1+0 ஆட்டத்தில் (முதல் எண் ஆளுக்கு எத்தனை நிமிடம், இரண்டாவது ஒவ்வொரு நகர்வுக்கும் சேரும் நொடி), ஆட்டத்தைப் பறிக்கும் விதியால் பெரிய வித்தியாசம் இல்லை. ரவுட்டர் திரும்ப எழுவதற்குள் நேரம் தீர்ந்து கொடி விழுந்துவிடும். 10+0 ஆட்டத்தில்தான் வலிக்கிறது. ஏழு நிமிடம் கையில் இருக்கும், ஆனால் தொடர்பு அறுந்தவருக்கென ஓடும் தனிக் கவுன்ட்டவுன் அதற்கு முன்பே முடிந்துவிடும். செஸ்.காமில் அது முடிந்தால் ஆட்டத்தைக் கைவிட்டதாகத் தோல்வி. லிச்செஸில் முடிவு எதிராளி கையில்: வெற்றி கோரலாம், டிரா என்று அறிவிக்கலாம், காத்திருக்கவும் செய்யலாம். இதுவே மேல். எதிரில் இருப்பவர் மனிதர் என்பதற்கு இங்கே இடமிருக்கிறது.

3+2 ஆடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய் நகர்த்தினால்தான் அந்த 2 நொடி சேரும். தொடர்பு இல்லாத நேரத்தில் ஒன்றும் சேராது. ஆனால் திரும்பி வந்தபின் 15 நொடி மட்டும் மிச்சமிருந்தாலும் 3+2-இல் ஆடிக் கரையேறலாம், 3+0-இல் முடியாது. நம் பக்கத்து இணைப்புக்கு 3+2 தான் சரி.

இணைப்பு இருந்தும் காய் நகர்த்தாமல், தோற்கும் நிலையில் கடிகாரத்தை ஓடவிடுபவர்கள் இதைவிட மோசம். அவர்கள் தொடர்பில் இருப்பதால் கவுன்ட்டவுன் தொடங்காது. லிச்செஸ் இப்படித் திரும்பத் திரும்பச் செய்பவர்களைத் தற்காலிகமாக ஆடவிடாமல் தடுக்கிறது. நல்ல ஏற்பாடு.

தாமத ஈடு வேறு விஷயம். லிச்செஸ் சர்வர் பிரான்ஸில் இருப்பதால் ஒவ்வொரு நகர்வும் போய்வர நேரம் பிடிக்கும். ஒரு வரம்புவரை அதைக் கடிகாரத்தில் திருப்பித் தருகிறார்கள். நெட் முழுசாக அறுந்தால் இது உதவாது.

பெரிய மேடையிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 2020 ஆகஸ்ட் 30 அன்று ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) நடத்திய ஆன்லைன் ஒலிம்பியாட் இறுதியில், உலகளாவிய இணையக் கோளாறால் இந்திய அணியின் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் தொடர்பிழந்து நேரத்தில் தோற்றார்கள். ஃபிடே இந்தியா, ரஷ்யா இரண்டுக்கும் தங்கம் கொடுத்தது. கோளாறு பொதுவானது என்று தெரிந்ததால் அப்படிக் கொடுக்க முடிந்தது. சத்துவாச்சாரியில் ஒரு தெருவில் மட்டும் ஃப்யூஸ் போனால் யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே வீட்டில் செய்ய வேண்டியது: இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு இருந்தால் அதில் வையுங்கள். சாதாரண மோடில் மாறும் இடைவெளியில் ரவுட்டர் அணைந்து, ஃபைபர் மோடமும் சேர்ந்து எழ ஓரிரு நிமிடம் ஆகும். 3+2 போன்ற பிளிட்ஸ் ஆட்டம் அதோடு காலி. ரவுட்டருக்கு மட்டும் சின்ன டிசி யுபிஎஸ் வாங்கினால் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட். ஆம்பியரும் அடாப்டரில் எழுதியதற்குக் குறையக் கூடாது. ஃபோன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் ஐபி (இணைய முகவரி) மாறும், பழைய தொடர்பு ஒட்டாது. பக்கத்தை ஒருமுறை ரீஃப்ரெஷ் செய்தால் ஆட்டம் அப்படியே திறக்கும்.