இணையதளத்துக்குக் கட்டுரை எழுதித் தரும் சேவைகள்: எதற்குப் பணம் தரலாம், எதற்குத் தரக்கூடாது

சலவை இயந்திரத்திலிருந்து தண்ணீர் வெளியேறவில்லை, என்ன செய்வது? இதுதான் தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். மலிவான சேவையில் வாங்கிய கட்டுரை பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: “இன்றைய அவசர உலகில் சலவை இயந்திரம் இல்லாத வீடே இல்லை எனலாம். அது பழுதானால் நாம் பெரும் சிரமத்துக்கு ஆளாகிறோம்.” விஷயம் தெரிந்தவர் எழுதினால் தொடக்கமே வேறு: “முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். முன்பக்கம் கதவு உள்ள இயந்திரம் என்றால், கீழே ஓரமாக ஒரு சிறிய மூடி இருக்கும், வடிகட்டி அதற்குள்தான். அடியில் ஒரு தட்டு வைத்துவிட்டு மெதுவாகத் திருகுங்கள், தேங்கிய தண்ணீர் கொட்டும். வெந்நீரில் துவைத்திருந்தால் சூடு ஆறும்வரை பொறுங்கள். நாணயம், ஊக்கு, குழந்தையின் காலுறை என்று ஏதாவது சிக்கியிருக்கலாம். வடிகட்டி சுத்தமாக இருந்தால், பின்னால் போகும் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.”

துணியெல்லாம் தண்ணீரில் ஊறிக் கிடக்க, கையில் போனோடு தேடுகிறவருக்கு இரண்டாவதுதான் தேவை. முதலாவதை யாரும் பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம். இரண்டாவதற்குக் கையேட்டைப் படிக்க வேண்டும், பழுது பார்ப்பவர் ஒருவரிடம் பேச வேண்டும், எதை முதலில் சொன்னால் படிப்பவருக்கு ஆபத்து வராது என்று யோசிக்க வேண்டும். வெந்நீரைப் பற்றிய அந்த ஒரு வரி, வேலையை நேரில் பார்த்தவரிடமிருந்துதான் வரும். கட்டுரைக்குக் கொடுக்கிற காசு இந்த உழைப்புக்குத்தான். சொற்களைத் தட்டச்சு செய்வது அதில் சிறு பங்கு.

மொத்தமாக, சொல்லுக்கு இவ்வளவு என்று விற்கும் சேவைகளை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு இருபது, முப்பது கட்டுரை தருவார்கள், விலையும் குறைவு. இங்கே இரண்டு வழிகளில் வேலை நடக்கிறது. ஒன்று, ஏற்கெனவே இருக்கும் கட்டுரையை மென்பொருளில் போட்டுச் சொற்களை மாற்றுவது. மென்பொருளுக்குப் பொருள் தெரியாது. ‘ஆறு மணி நேரம்’ என்பதை ‘நதி மணி நேரம்’ ஆக்கினாலும் ஆச்சரியமில்லை. இன்னொன்று, செயற்கை நுண்ணறிவு தரும் பிரதியை யாரும் படித்துப் பார்க்காமல் அப்படியே அனுப்புவது. இதில் நடை சரளமாக இருக்கும், அதனால் பிழை கண்ணில் படாது. இல்லாத ஆய்வு, இல்லாத சட்டப்பிரிவு, அந்த மாடலில் இல்லாத பொத்தான் எல்லாம் உறுதியான தொனியில் வரும். மருந்து, வரி, கடன், மின்சாரம் போன்ற தலைப்புகளில் இது படிப்பவருக்கு நேரடிக் கேடு. பெயர் கெடுவது தளத்தின் உரிமையாளருக்கு.

தேடுபொறிகளும் இதைக் கவனித்துக்கொண்டுதான் வருகின்றன. 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடல் வரிசைமுறையில் கொண்டுவந்த ‘பாண்டா’ என்ற மாற்றம், அமெரிக்காவில் 11.8 சதவீதத் தேடல்களின் முடிவுகளை மாற்றியது; சாரமில்லாத கட்டுரைகளைக் குவித்து வைத்திருந்த தளங்கள் பலமாக அடி வாங்கின. 2022 ஆகஸ்டில் வந்த மாற்றம், தேடுபொறிக்காக எழுதப்பட்டவற்றைப் பின்னுக்குத் தள்ளுவதையே நோக்கமாகக் கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில், தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிட கூகுள் அமர்த்தும் ஆட்களுக்கான வழிகாட்டியில் நேரடி அனுபவம் என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தார்கள். தேடல் வரிசையில் மேலே வருவதற்காகவே பக்கங்களை எக்கச்சக்கமாக உற்பத்தி செய்வது, எந்த முறையில் செய்தாலும், 2024 மார்ச்சிலிருந்து வெளிப்படையான விதிமீறல். ஆகவே மலிவுக் கட்டுரைகளில் போட்ட பணம் வீணாவதோடு நிற்காது. அவற்றைத் தேடிப் பிடித்து நீக்கவோ திருத்தவோ மறுபடியும் செலவாகும்.

இந்த வகைச் சேவையில் இன்னொரு கோளாறும் உண்டு. எண்ணிக்கையைக் காட்ட வேண்டுமே என்று, ஒரே கேள்வியை ஐந்து தலைப்புகளில் எழுதித் தருவார்கள். ‘தண்ணீர் வெளியேறவில்லை’, ‘தண்ணீர் போகவில்லை’, ‘தண்ணீர் தேங்குகிறது’ என்று மூன்று பக்கம் இருந்தால் அவை ஒன்றோடொன்று போட்டியிடும். மூன்றில் எதுவும் மேலே வராமல் போகலாம். நல்ல எழுத்தாளர் இந்த ஆர்டரைப் பார்த்ததுமே “மூன்றையும் ஒன்றாக்கிவிடலாம்” என்பார். தன் வருமானம் குறைந்தாலும் அதைச் சொல்கிறவரை விட்டுவிடாதீர்கள்.

நடுத்தர விலையில் வேலை செய்யும் ஏஜென்சிகளிடம் மேற்பார்வை இருக்கும், கெடு தவறாது, பிழை திருத்துபவர் இருப்பார். துறை அறிவு இருக்குமா என்பது யார் எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது. மாதிரிக் கட்டுரையை அனுபவசாலி எழுதுவார், ஒப்பந்தம் ஆனதும் வேலை புதியவரிடம் போகும். இது பரவலாக நடக்கிறது. எழுதுபவரின் பெயரை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

எங்கள் பரிந்துரை, துறை தெரிந்த தனி எழுத்தாளர். விலை அதிகம், மாதத்துக்கு மூன்று நான்கு கட்டுரைக்கு மேல் கிடைக்காது. ஆனால் அவர் முதலில் கேட்கும் கேள்விகளிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். படிக்கப்போவது யார்? படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்? உங்கள் வாடிக்கையாளர்கள் போனில் திரும்பத் திரும்பக் கேட்பது என்ன? பட்டறையிலோ கடையிலோ வேலை தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் பேசக் கிடைப்பாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் ஆம் என்று சொல்லிவிடுங்கள். எவ்வளவு திறமையான எழுத்தாளரும் உங்கள் கடைக்குள் இருக்கும் விவரத்தை வெளியிலிருந்து ஊகிக்க முடியாது. உரிமையாளர்கள் தலைப்பை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதாலேயே பாதிக் கட்டுரைகள் சப்பென்று வந்து சேர்கின்றன.

ஒப்பந்தம் போடும் முன் ஒரே ஒரு கட்டுரையைக் காசு கொடுத்து எழுதச் சொல்லுங்கள். இலவச மாதிரி கேட்காதீர்கள், அக்கறையான உழைப்பு அதில் வராது. வந்ததும், முதல் நூறு சொற்களுக்குள் கேள்விக்குப் பதில் தொடங்கிவிட்டதா என்று பாருங்கள். எண், பெயர், அளவு உள்ள ஐந்து வாக்கியங்களைப் பொறுக்கி எடுத்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்று தவறென்றாலும் முழுவதையும் சோதிக்க வேண்டும். நீளமான ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால், அப்படியே எடுத்த நகல் பெரும்பாலும் பிடிபடும். முழுப் பிரதியையும் சோதிக்கக் காப்பிஸ்கேப் போன்ற கருவிகள் இருக்கின்றன. பிறகு உங்கள் நிறுவனத்தின் பெயரை நீக்கிப் படியுங்கள். போட்டியாளரின் தளத்துக்கும் அது அப்படியே பொருந்தினால் அதில் உங்களுடைய சரக்கு எதுவும் இல்லை. துணைத்தலைப்புகளை மட்டும் தனியாகப் படிப்பதும் நல்ல சோதனை. இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் 79 சதவீதம் பேர் புதிய பக்கத்தை மேலோட்டமாகத்தான் பார்த்தார்கள். அப்படிப் பார்ப்பவருக்கும் விஷயம் போய்ச்சேர வேண்டும்.

தமிழ்க் கட்டுரை என்றால் கூடுதலாகச் சில. பிரதி, எல்லாக் கருவிகளிலும் ஒரேபோலத் தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில்தான் வர வேண்டும்; பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்ததைத் தளத்தில் ஏற்றினால் புரியாத குறிகளாகத் தெரியும், தேடலிலும் வராது. ஒற்றுப்பிழை மலிந்திருந்தால் யாரும் திருத்தவில்லை என்று பொருள். சொல் கணக்கில் கூலி பேசுவது தமிழுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக வருவது இங்கே ஒரே சொல்லாக ஒட்டிவிடும்; கூலி கட்டுப்படியாக வேண்டுமென்றால் எழுதுபவர் வெற்றுச் சொற்களால் இட்டு நிரப்ப வேண்டியதாகும். கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். அதில் தகவல் திரட்டல், வரைவு, இரண்டு சுற்றுத் திருத்தம், தலைப்பு, தேடல் முடிவில் காட்டும் சிறு விவரிப்பு, படங்களுக்கான மாற்று உரை (படம் தெரியாதபோது அதற்குப் பதிலாக வரும் விவரிப்பு) எல்லாம் அடங்குமா என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். பணம் செலுத்தியதும் பதிப்புரிமை உங்களுக்கு மாறுகிறது என்ற வரியும் எழுத்தில் இருக்கட்டும், ஏனெனில் காசு கொடுத்துவிட்டதாலேயே உரிமை தானாக மாறிவிடும் என்று எல்லா நாட்டுச் சட்டமும் சொல்வதில்லை.

எல்லாப் பக்கத்துக்கும் இந்தச் செலவு தேவையில்லை. பொருட்பட்டியல், முகவரிப் பக்கம், தினம் மாறும் அறிவிப்பு இவற்றுக்கு உங்கள் அலுவலகத்து ஆளே போதும். துறையை நன்றாகத் தெரிந்த நீங்களே தெளிவாக எழுதுவீர்கள் என்றால் எழுத்தாளரை விட்டுவிட்டு எடிட்டருக்கு மட்டும் காசு கொடுங்கள், அதில் மிச்சமும் ஆகும். தளமே திறக்கத் தாமதமாகிறது, அல்லது பக்கங்கள் தேடுபொறிக்கு மூடிக் கிடக்கின்றன என்றால் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

பலன் உடனே தெரியாது. சில மாதங்கள் பிடிக்கும். தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து, எந்தெந்தக் கேள்விகளுக்கு அது காட்டப்படுகிறது, எத்தனை பேர் சொடுக்குகிறார்கள் என்று மூன்று மாதத்துக்கு மூன்று மாதம் ஒப்பிடுங்கள். 16 மாதத் தகவல்தான் அங்கே இருக்கும், அதனால் அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. தேடல் முடிவில் உங்கள் பக்கம் எட்டாம் இடத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் நடுவில் நிற்கும் கேள்விகளைப் பட்டியலிட்டு அதே எழுத்தாளரிடம் கொடுங்கள். புதிய கட்டுரை வாங்குவதைவிட, இருக்கும் கட்டுரையில் விடுபட்ட அந்தப் பதில்களைச் சேர்ப்பதற்குச் செலவும் குறைவு, பலனும் பெரும்பாலும் சீக்கிரம் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை இப்படிப் புதுப்பித்துத் தருவதற்கான தொகையை முதல் ஒப்பந்தத்திலேயே பேசி வைத்துவிடுங்கள்.