வாட் மீட்டர், ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்தவன் சொல்றேன்

சித்தி பையன் நேத்து போன் பண்ணி, "அண்ணே அந்த பிளக் மீட்டர் வெல நல்லா கொறஞ்சிருக்கு, வாங்கிரவா"ன்னு கேட்டான். பிளக் பாயிண்டுல மாட்டி அது மேல சாமானை மாட்டுனா, எத்தனை வாட் இழுக்குதுன்னு காட்டுமே, அந்த வாட் மீட்டரைத்தான் சொல்றான். நான் அப்பதான் என்கிட்ட இருக்கற மீட்டரை ரிப்பேர் கடையில இருந்து வாங்கிட்டு வந்திருந்தேன், கடுப்புல என்னத்தையோ சொல்லி வச்சிட்டேன். அதான் இப்ப பொறுமையா எழுதுறேன்.

நான் வாங்குனதுக்குக் காரணம் 2023 கோடையில வந்த ரெண்டு மாச கரண்ட் பில்லு. ரீடிங் எடுக்க வந்தவர் கார்டுல எழுதிட்டுப் போனது 512 யூனிட். 2022 செப்டம்பர்ல தமிழ்நாட்டுல வந்த ரேட்டுப்படி அப்ப 500 யூனிட்டோட நின்னா 1725 ரூபா, 501 ஆனா 1958. ஏன்னா 500 தாண்டுன உடனே 101ல இருந்து 200 வரைக்கும் இருக்கற சலுகை ரேட்டு போய் 2.25 வர்ற எடத்துல 4.50 போட்டாங்க. எங்களுக்கு 2046. வெறும் 12 யூனிட்டுக்கு 321 ரூபா கூடுதலா கட்டியிருக்கோம்! அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, எங்கடா போகுது இந்த 12 யூனிட்னு.

16 ஆம்பியர் மாடல் வாங்குனேன், அதுதான் வாங்கணும், இல்லன்னா ஏசி பக்கமே போக முடியாது. முதல்ல செல்போன் சார்ஜர். சுவிட்ச ஆஃப் பண்ணலன்னு அம்மா வருஷக்கணக்கா திட்டுன சாமான். போன் இல்லாம வெறுமனே மாட்டி வச்சா 0. ஸ்டாண்ட்பை, அதாவது ரிமோட்ல மட்டும் ஆஃப் பண்ணி வச்ச டிவி, அதுவும் 0 தான். ஐரோப்பாவுல பல வருஷமாவே ஸ்டாண்ட்பைல அரை வாட்டுக்கு மேல இழுக்கக்கூடாதுன்னு விதி இருக்கு, உலகம் பூரா விக்கிற மாடல்ங்கறதால நமக்கும் அந்தப் புண்ணியம் போல.

ஆனா அந்த டிவிக்குக் கீழ உக்காந்திருக்கற செட்டாப் பாக்ஸ் இருக்கே, படம் ஓடும்போது 11 வாட், ரிமோட்ல ஆஃப் பண்ணுனா 10. ஒரே ஒரு வாட் தான் கொறையுது! நடுராத்திரி எந்திரிச்சு பாக்ஸ் மேல கை வச்சுப் பாத்தேன், பால் டம்ளர் மாதிரி வெதுவெதுன்னு இருக்கு. ரிமோட் அமுக்குனா படம் மட்டும்தான் நிக்குது, உள்ள சிக்னல் பிடிக்கற டியூனரும் மொட்டமாடி டிஷ்ஷுக்குப் போற கரண்டும் அப்படியே ஓடுது. 10 வாட் ரெண்டு மாசம் பூரா ஓடுனா 14 யூனிட்டுக்கு மேல. நான் தேடுன 12 அங்கயே இருந்திருக்கு.

அதவிட மோசம் ஏசி ஸ்டெபிலைசர். ஏசிய ரிமோட்ல நிறுத்திட்டு எல்லாரும் மறந்துர்றோம், மேல பச்சையா 230ன்னு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், உள்ள டிரான்ஸ்பார்மர் சும்மாவே 13 வாட் தின்னுக்கிட்டு இருக்கு. மார்கழியில ஏசியே போடாத வீட்டுல கூட! இப்ப அம்மாவே காலையில எந்திரிச்ச உடனே அந்த சுவிட்ச தட்டிட்டுத்தான் வாசல் தெளிக்கப் போறாங்க. பாக்ஸும் ராத்திரி சுவிட்சுல ஆஃப். காலையில ஆன் ஆக ரெண்டு நிமிஷம் எடுக்கும், பக்திப் பாட்டு நேரத்துல அது கொஞ்சம் கஷ்டம்தான், பழகிருச்சு. அதுக்கப்புறம் ஒரு பில்லு கூட 500 தாண்டல.

இவ்வளவு நல்லது பண்ணுன மீட்டர் மேல ஏன் கோவம்னா, ஞாபக சக்தி. ரீடிங்கை வச்சிருக்க உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கு, அது ஒரு வருஷத்துல செத்துப்போச்சு. அதுல இருந்து கரண்ட் போனா எல்லாம் ஜீரோ. பழைய பிரிட்ஜ் ஒரு மாசத்துக்கு எவ்வளவு இழுக்குதுன்னு பாக்க மாட்டி வச்சேன், 19 நாள் ஓடிருச்சு, பராமரிப்புன்னு காலையில 9 மணிக்கு லைன ஆஃப் பண்ணுனாங்க, போச்சு. மூணு தடவ இப்படி. கம்பெனிக்கு எழுதுனா பேட்டரிக்கு வாரண்டி இல்லைங்கறாங்க, சரி நாமளே மாத்தலாம்னா மூடி கிடையாது, போர்டுலயே சால்டர் பண்ணி வச்சிருக்காங்க. ரிப்பேர் கடை அண்ணன் பிரிச்சுக் காட்டுனார், பேட்டரி பச்சை பூத்து பக்கத்துக் காப்பர் லைனையும் அரிச்சிருக்கு. கரண்ட் கட் ஆகற ஊருல விக்கிற சாமானுக்கு இதைக் கூடவா யோசிக்க மாட்டாங்க?

ஒரு குறிப்பு, 2 வாட்டுக்குக் கீழ இது காட்டறதை நம்பாதீங்க. அளக்கற சாமானோட ஒரு 9 வாட் எல்இடி பல்பையும் சேத்து மாட்டுங்க, பல்பு மட்டும் எரிஞ்சப்ப காட்டுனதைவிட எவ்வளவு ஏறுதுன்னு பாருங்க, அதுதான் கணக்கு.

தம்பி, நீ வாங்காத. முதல்ல உங்க வீட்டு ஈபி மீட்டரைப் பாரு, 3200 இம்ப்னு போட்டிருந்தா அந்த செவப்பு லைட்டு 3200 தடவ மின்னுனா ஒரு யூனிட். பிரிட்ஜ், இன்வெர்ட்டர், பேன், லைட்டு எல்லாத்தையும் நிறுத்திட்டு வாட்சை வச்சு எண்ணு. 45 செகண்டுக்கு ஒரு தடவ மின்னுச்சுன்னா 25 வாட் எங்கயோ சும்மா ஓடுதுன்னு அர்த்தம். ஒவ்வொரு சுவிட்சா தட்டு, எதுல நிக்குதுன்னு தெரிஞ்சிரும். அப்பவும் மீட்டர் வேணும்னா ஞாயித்துக்கிழமை வந்து என்னுத எடுத்துட்டுப் போ. ரெண்டு வாரத்துல திருப்பிக் குடுத்துரு, பிரிட்ஜ் கணக்கு இன்னும் பாக்கி இருக்கு.