சத்தம் அடங்கியதை நம்பி ஏமாந்தேன்: பழைய மெட்டல் டிடெக்டர் வாங்குவோர் கவனத்திற்கு

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தொலைந்த என் மனைவியின் மூன்று கிராம் மோதிரத்தைத் தேடுவதற்காக, தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஒருவரிடம் பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். மண்ணுக்கேற்பத் தானாகவே கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் தாதுக்களால் எழும் சத்தத்தை நீக்கும் சரிசெய்தல்) செய்துகொள்ளும் கருவி என்றார். காயிலுக்கு (தரையருகே பிடித்துத் தேடும் தலைப்பகுதிக்கு) முன்னால் ஒரு வளையலை அவர் ஆட்டிக் காட்டியபோது தெளிவாக ஒலித்ததால், மேற்கொண்டு எதுவும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கரையின் கருமணலில் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த இல்மனைட் தாது நிறைந்திருக்கிறது. ஈர மணலின் உப்புநீர் மின்சாரத்தையும் கடத்தும். ஆகவே காயிலை மணலருகே கொண்டுசென்றதுமே கருவி ஓயாமல் அலறியது. விற்றவரிடம் தொலைபேசியில் கேட்டதற்கு, சத்தம் நிற்கும்வரை டிஸ்கிரிமினேஷன் திருகியை (வேண்டாத உலோகங்களுக்கு ஒலிக்காமல் ஒதுக்கும் திருகியை) ஏற்றச் சொன்னார். ஏற்றினேன், நின்றது. இரண்டு நாள் வெயிலில் நடந்து ஒரு பித்தளைத் துண்டை மட்டுமே கண்டெடுத்தேன்.

மூன்றாம் நாள் சந்தேகம் வந்து, என் விரலிலிருந்த மோதிரத்தையே நான்கு விரற்கடை ஆழத்தில் புதைத்துப் பார்த்தபோது கருவி வாய் திறக்கவில்லை. அந்தத் திருகியை ஏற்ற ஏற்ற முதலில் ஆணியும், பிறகு அலுமினியத் தாளும் ஒதுக்கப்படும். மெல்லிய தங்க மோதிரம் தரும் சமிக்ஞை அலுமினியத் தாளுடையதை ஒத்திருப்பதால் அதுவும் கூடவே ஒதுங்கிவிடும் என்பதைப் பிறகே படித்தறிந்தேன். செய்திருக்க வேண்டியது வேறு: டிஸ்கிரிமினேஷனைக் குறைத்து, சென்சிட்டிவிட்டியையும் (உணர்திறனையும்) இறக்கி, உலோகமில்லாத இடத்தில் காயிலை மேலும் கீழுமாக அசைத்து, ஒலி ஏறி இறங்காமல் சீராகும்வரை கிரவுண்ட் பேலன்ஸ் திருகியைத் திருப்ப வேண்டும். என் கருவியில் அந்தத் திருகியே இல்லை. தொழிற்சாலையில் ஒரே அளவில் நிறுத்தப்பட்டதைத்தான் அவர் 'தானியங்கி' என்று விற்றிருக்கிறார்.

வாங்க நினைப்பவர்கள், தேடப்போகும் மண்ணிலேயே உங்கள் மோதிரத்தைப் புதைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, எனக்குத்தான் கருவியைச் சரிசெய்யத் தெரியவில்லை என்றார். ரசீது கேட்டு வாங்காதது என் தவறு. நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைப்பதற்காக, பணம் அனுப்பிய விவரத்தையும் அவருடைய வாட்ஸ்அப் உரையாடலையும் இப்போது எடுத்து வைத்திருக்கிறேன்.